விபத்துக்குக் காத்திராத தண்டம் வேண்டும்: எரிவாயுக் குழாய்ப் பாதுகாப்பு குறித்து ஒழுங்குமுறை வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம்,
புது தில்லி.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். எரிவாயுக் குழாய் ஒன்று ஊடறுத்துச் செல்லும் நிலத்தில் பயிர் செய்கிறவர்களுள் நானும் ஒருவன். அந்தக் குழாயின் மேல் நெல் நடலாம், உளுந்து விதைக்கலாம். ஆனால் மரம் வைக்கக் கூடாது, கிணறு தோண்டக் கூடாது, மோட்டார் கொட்டகை ஒன்றுகூட எழுப்பக் கூடாது. 1962-ஆம் ஆண்டின் பெட்ரோலிய, கனிமக் குழாய்கள் சட்டத்தின் 9-ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. வேண்டுமென்றே மீறினால் சிறைத் தண்டனை உண்டு என்பதை 15-ஆவது பிரிவு சொல்கிறது. நிலம் எங்கள் பெயரில்தான் இருக்கிறது. பயன்பாட்டு உரிமை மட்டும் போய்விட்டது. அதற்கு ஈடாக, அறிவிக்கை வெளியான நாளின் சந்தை மதிப்பில் பத்து விழுக்காடு தரப்படுகிறது.

அதே சட்டம் 2011-இல் திருத்தப்பட்டபோது தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்டன. நாசவேலை நோக்கத்துடனோ, உயிரிழப்பு நேரும் என்று அறிந்தோ குழாயைச் சேதப்படுத்துகிறவருக்குக் குறைந்தது பத்தாண்டுக் கடுங்காவல், ஆயுள் தண்டனை, அதற்கும் மேலே மரண தண்டனை வரை விதிக்க இப்போது இடமிருக்கிறது. குழாயைத் துளைத்து எண்ணெய் திருடுகிறவர்களையும் வெடிவைக்கத் துணிகிறவர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட பிரிவு அது. அதைக் குறைசொல்ல இந்த மடலை எழுதவில்லை. ஒரு பெருங்குழாய் வெடித்தால் முதலில் எரிகிறவர்கள் நாங்கள்தான் என்பதால், அதைக் காக்கும் எந்தச் சட்டமும் எங்களுக்கு வேண்டியதே. நான் கேட்பது வேறு. குழாய்க்கு வெளியே நிற்கிறவர் தவறு செய்தால் இவ்வளவு தூரம் போகிற சட்டம், குழாயை இயக்குகிறவர் தவறு செய்தால் எவ்வளவு தூரம் போகிறது?

விடை, உங்கள் வாரியத்தைத் தோற்றுவித்த 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28-ஆவது பிரிவில் இருக்கிறது. விதிமீறல் ஒன்றுக்கு அதிகபட்சத் தண்டம் ஒரு கோடி ரூபாய். உத்தரவுக்குப் பின்னும் மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை கூடுதல். ஆனால் அதே பிரிவின் காப்புரை, வணிகக் கட்டுப்பாட்டு முறைகேடு பற்றிய புகார் என்றால், முறைகேட்டால் ஈட்டிய ஆதாயத்தின் ஐந்து மடங்கு அல்லது பத்துக் கோடி ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதுவரை விதிக்கலாம் என்கிறது. போட்டி நிறுவனத்துக்குக் குழாயில் இடம் தராமல் சந்தையை முடக்கினால் உச்சவரம்பு பத்துக் கோடியில் தொடங்கி ஆதாயத்தோடு சேர்ந்து வளர்கிறது. பாதுகாப்பு விதியை மீறி ஓர் ஊரையே ஆபத்தில் நிறுத்தினால் உச்சவரம்பு ஒரு கோடியில் நின்றுவிடுகிறது. போதாக்குறைக்கு, பாதுகாப்பு விதிமீறல் அந்தப் பிரிவில் தனிக் குற்றமாகப் பெயர் சொல்லப்படவும் இல்லை. அங்கீகார நிபந்தனையை மீறியதாகக் காட்டித்தான் அதை அங்கே கொண்டுவர வேண்டியிருக்கிறது. சட்டத்தை எழுதியவர்கள் வேண்டுமென்றே இப்படிச் செய்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. சந்தையை ஒழுங்குபடுத்தும் எண்ணம் முன்னால் நின்றதால், குழாய்க்குப் பக்கத்தில் குடியிருப்பவர் பின்னால் தள்ளப்பட்டுவிட்டார்.

ஒரு கோடி என்பது சிறு விநியோகஸ்தருக்குப் பெருந்தொகைதான். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் குழாயை இயக்கும் நிறுவனத்துக்கு அது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. குழாயின் உள்ளே சென்று சுவரின் பருமனை அளந்து வரும் உணர்கருவிச் சோதனை, பழைய பகுதியை மாற்றுதல், வாயுவிலிருந்து ஈரத்தை நீக்கும் பிரிவை நிறுவுதல் ஆகியவை கோடிகள் செலவாகும் வேலைகள். அவற்றைத் தள்ளிப்போடுவதால் மிச்சமாகும் பணத்தைவிடத் தண்டம் குறைவாக இருக்கும்வரை, கணக்குப் பார்க்கிறவருக்குத் தள்ளிப்போடுவதே லாபமாகத் தெரியும். மேலாளர்கள் கெட்டவர்களாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு நிதியாண்டிலும் ‘அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒரு கோப்பு நகர்ந்தால் போதும்.

அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஆந்திரத்தின் கோதாவரிக் கழிமுகத்திலுள்ள நகரம் என்ற சிற்றூர் கண்டது. 2014 ஜூன் 27 விடியற்காலையில், ஊருக்குள் சென்ற கெயில் நிறுவனத்தின் 18 அங்குலக் குழாய் உடைந்து, பரவியிருந்த வாயு தீப்பற்றியது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீடுகளும் கடைகளும் தென்னைகளும் கருகின. கசிவு பற்றி முன்பே முறையிட்டதாக ஊரார் சொன்னதை அப்போதைய செய்தித்தாள்கள் பதிவுசெய்தன. விசாரணையில் வெளிப்பட்ட காரணம் திகைக்க வைப்பது: உலர்ந்த வாயுவுக்கென அமைக்கப்பட்ட குழாயில் ஈரம் நீக்கப்படாத வாயு சென்றுகொண்டிருந்தது, உள்ளே தேங்கிய நீர் எஃகைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்தது. அந்தத் தவறு அன்று விடியற்காலையில் நடந்ததில்லை. ஆண்டுக்கணக்கில், ஒவ்வொரு நாளும், அளவுமானிகளும் பதிவேடுகளும் இருக்கும்போதே நடந்தது. அந்த நாள்களில் எந்த ஒரு நாளில் தண்டம் விழுந்திருந்தாலும் ஊர் பிழைத்திருக்கக்கூடும்.

இதனால்தான் தண்டம் விபத்தைச் சார்ந்திருக்கக் கூடாது, விதிமீறலைச் சார்ந்திருக்க வேண்டும் என்கிறேன். மண்ணுக்குள் கிடக்கும் எஃகுக் குழாய்க்கு மேற்பூச்சு ஒரு காவல். சிறு மின்னோட்டத்தைச் செலுத்தி அரிப்பைத் தடுக்கும் கத்தோடிக் பாதுகாப்பு இன்னொரு காவல். இரண்டாவது காவல் விழித்திருக்கிறதா என்பதை வரப்போரம் நிற்கும் சோதனைக் கம்பத்தில் மின்னழுத்தமானியை இணைத்துப் பார்த்தே அறியலாம்: செம்பு–செம்பு சல்பேட் மின்முனையை ஒப்பாக வைத்து அளந்தால் மைனஸ் 0.85 வோல்ட்டோ அதைவிட எதிர்மறையான அளவோ காட்ட வேண்டும் என்பது துறையின் பொதுவான அளவுகோல். எங்கள் வயலோரத்தில் உள்ள கம்பத்தின் பெட்டி மூடி பெயர்ந்து, உள்ளிருக்கும் முனைகளில் பச்சைக் களிம்பு ஏறிக் கிடக்கிறது. அவசரத்துக்கு அழைக்கும்படி பக்கத்துக் குறிக்கல்லில் எழுதியிருந்த எண்ணின் கடைசி இலக்கங்கள் வெயிலில் வெளுத்து மறைந்துவிட்டன. இதனால் இன்று யாரும் சாகப்போவதில்லை. எனினும் அந்த அளவு எடுக்கப்படாமல் போகும் ஒவ்வொரு மாதமும், அந்த எண் படிக்க முடியாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும், தனித்தனி விதிமீறலாக எண்ணப்பட வேண்டியவை.

வீடுகள் பெருகுவதும் இப்படித்தான். குழாயின் இருபுறமும் 200 மீட்டருக்குள் எத்தனை கட்டடங்கள் உள்ளன என்பதைப் பொறுத்து அந்தப் பகுதியின் வகை மாறுகிறது. வகை உயர்ந்தால், வாயுவின் அழுத்தத்தால் குழாய்ச் சுவரில் ஏறக்கூடிய தகைவுக்கான வரம்பு, எஃகின் வலிமையில் 0.72 பங்கு என்ற வடிவமைப்புக் காரணியிலிருந்து படிப்படியாக 0.4 வரை இறங்குகிறது. அதாவது, வயலாக இருந்த இடம் குடியிருப்பாகிவிட்டால், பழைய அழுத்தத்திலேயே வாயுவை அனுப்பிக்கொண்டிருக்க முடியாது. அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், அல்லது கனமான குழாயைப் போட வேண்டும். இரண்டுமே வருமானத்தைத் தொடும் வேலைகள். புறநகர்கள் வளரும் வேகத்தில் இந்த மறுவகைப்பாடு உரிய காலத்தில் நடக்கிறதா என்று பார்ப்பதற்கு எங்களுக்கு எந்த வழியும் இல்லை. உங்களுக்கு இருக்கிறது.

சட்டம் உங்கள் கையில் எதையுமே தரவில்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. நாளொன்றுக்குப் பத்து லட்சம் என்ற கூடுதல் தண்டத்தை ஓராண்டு முழுவதும் விதித்தால் 36.5 கோடி ரூபாய் ஆகிறது. எந்த நிறுவனத்தின் இயக்குநர் குழுவும் அதைப் பார்க்காமல் நகர முடியாது. சிக்கல், அந்தக் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதில்தான். வாரியம் ஓர் உத்தரவு பிறப்பித்து, அதையும் மீறிய பிறகுதான் நாள்கணக்கு தொடங்குகிறது. குறை இருப்பது நிறுவனத்துக்குத் தெரிந்த நாளுக்கும் உத்தரவு வந்த நாளுக்கும் இடைப்பட்ட காலம், அது எத்தனை மாதமானாலும், கணக்கில் வருவதில்லை. ஆகவே தணிக்கை அறிக்கையில் ஒரு குறை பதிவானவுடன், அதைச் சரிசெய்யும் கெடுவைக் குறிப்பிட்டு உத்தரவாகவே பிறப்பித்துவிடுங்கள். கெடு முடிந்த மறுநாள் கடிகாரம் தானாக ஓடட்டும். இதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை.

இன்னொரு நாட்டின் பட்டறிவு இங்கே பயன்படும். 2010 செப்டம்பர் 9 அன்று கலிபோர்னியாவின் சான் புரூனோவில் ஒரு குடியிருப்பின் நடுவே எரிவாயுக் குழாய் வெடித்தது. எட்டுப் பேர் இறந்தார்கள், 38 வீடுகள் அழிந்தன, வாயுவை நிறுத்தவே ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாயிற்று. அந்தக் குழாய்ப் பகுதி 1956-இல் புதைக்கப்பட்டது. நிறுவனத்தின் பதிவேட்டில் அது நெடுக்குப் பற்றவைப்பே இல்லாத குழாய் என்று எழுதியிருந்தது. தோண்டி எடுத்துப் பார்த்தபோது, அரைகுறையாகப் பற்றவைத்த துண்டுகள் கிடைத்தன. தாளில் இருந்த குழாய் வேறு, மண்ணில் இருந்த குழாய் வேறு. 2015 ஏப்ரலில் அந்த மாநிலத்தின் பொதுப்பயன்பாட்டு ஆணையம், அந்தக் குழாயை இயக்கிய பிஜி அண்ட் இ நிறுவனத்துக்கு 160 கோடி டாலர் தண்டம் விதித்தது. என்னைக் கவர்ந்தது தொகையைவிட அதைப் பிரித்த விதம். 85 கோடி டாலரைக் குழாய்ப் பாதுகாப்புப் பணிகளுக்கே செலவிட வேண்டும், அதுவும் வாடிக்கையாளரிடம் வசூலிக்காமல் பங்குதாரர்களின் பணத்திலிருந்து. 40 கோடி டாலரை வாடிக்கையாளருக்குத் திருப்பித் தர வேண்டும். 30 கோடி டாலர் மட்டும் மாநிலக் கருவூலத்துக்கு. தண்டத்தின் பெரும்பகுதி குழாய்க்கே திரும்பிப் போயிற்று.

அதே வழக்கின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கூட்டாட்சி நீதிமன்றத்தில் அந்த நிறுவனம் ஆறு குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று முடிவானது. ஐந்து குழாய்ப் பாதுகாப்பு விதிமீறல்கள், ஒன்று விசாரணைக்குத் தடை செய்தது. 2017-இல் விதிக்கப்பட்ட அபராதம் 30 லட்சம் டாலர், சட்டம் அனுமதித்த உச்சமே அவ்வளவுதான். ஒரே விபத்து, ஒரே நிறுவனம்: ஓர் அமைப்பின் கையில் 160 கோடி, இன்னொன்றின் கையில் 30 லட்சம். சட்டத்தில் எழுதிவைக்கும் உச்சவரம்பு ஒரு நீதிமன்றத்தின் கையை எப்படிக் கட்டிப்போடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. கூட்டாட்சி அரசின் நிர்வாகத் தண்டங்களும் அங்கே விபத்துகளுக்குப் பின்னரே உயர்ந்தன. 1999-இல் பெல்லிங்ஹாமில் பெட்ரோல் குழாய் உடைந்து இரு சிறுவர்களும் ஓர் இளைஞரும் இறந்த பிறகு 2002-இல் ஒருமுறை. சான் புரூனோவுக்குப் பின், 2012 ஜனவரியில் கையெழுத்தான சட்டத்தால் மறுமுறை. அப்போது விதிமீறல் ஒன்றுக்கு நாளொன்றுக்கு இரண்டு லட்சம் டாலர், தொடர் மீறலுக்கு 20 லட்சம் டாலர் என்ற வரம்பு வந்தது. இன்று அது பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்தப்பட்டு வருகிறது. நம் சட்டத்தில் அந்த ஏற்பாடு இல்லை. 2006-இல் எழுதிய ஒரு கோடி அப்படியே நிற்க, அதன் மதிப்பு ஆண்டுதோறும் தேய்கிறது.

பொய்ப் பதிவேடு என்பதை மற்ற விதிமீறல்களோடு ஒன்றாக வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அரிப்பு இயற்கையாக நேரும், அளவுமானி பழுதாகும், பணியாளர் தவறுவார். இவற்றைத் தானாகக் கண்டறிந்து, தானாக உங்களிடம் தெரிவித்து, கெடுவுக்குள் சரிசெய்யும் நிறுவனத்துக்குத் தண்டத்தைக் குறைத்தால் நான் வரவேற்பேன். எடுக்காத அளவை எடுத்ததாக எழுதுவதும், நடக்காத ரோந்தை நடந்ததாகக் காட்டுவதும், தணிக்கையாளருக்குத் தெரிய வேண்டியதை மறைப்பதும் அப்படியல்ல. அங்கே தண்டம் உச்சத்தில் தொடங்க வேண்டும். கையொப்பமிட்ட அதிகாரியின் பொறுப்பும் நிறுவனத்தின் பொறுப்போடு சேர்த்துப் பார்க்கப்பட வேண்டும்.

இதே வேறுபாட்டைத் தோண்டுகிறவர்களிடத்திலும் காட்டுங்கள். நகர எரிவாயுக் குழாய்கள் தெருத்தெருவாகப் போகின்றன. குடிநீர்க் குழாய்க்காகவோ தொலைத்தொடர்பு வடத்துக்காகவோ இறங்கும் பொக்லைனின் பல் ஒன்று பட்டாலே போதும். இதற்காக 2023 மார்ச்சில் ஒன்றிய அரசு தொடங்கிய, தோண்டுமுன் தெரிவிக்கும் செயலி நல்ல ஏற்பாடு. அதைப் பயன்படுத்தாமல் தோண்டும் ஒப்பந்ததாரருக்கும், அவருக்கு வேலை கொடுத்த அரசுத் துறைக்கும் தண்டம் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் குழாய் உடனே கசிந்தால் அது தெரிந்துவிடும். கீறல் மட்டும் விழுந்து மண் மூடப்பட்டால்தான் பெரும் ஆபத்து. பெல்ஜியத்தின் கிலாங்கியனில் 2004 ஜூலை 30 அன்று 24 பேரைக் கொன்ற வெடிப்பு, கட்டுமான வேலையின்போது சில வாரங்களுக்கு முன் பட்ட சேதம், அழுத்தம் கூட்டப்பட்ட நாளில் பிளந்துகொண்டதால் நேர்ந்தது. கூலிக்கு வண்டி ஓட்டும் ஓட்டுநர், சொன்னால் வேலையும் போய்ச் சிறையும் கிடைக்கும் என்று அஞ்சினால், மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போய்விடுவார். அன்றே வந்து சொல்கிறவருக்குத் தண்டமில்லை, மறைத்தவருக்கு மன்னிப்பில்லை என்று எழுதப்பட்ட விதியே அந்த இடத்தில் உயிரைக் காக்கும்.

கட்டணம் பற்றியும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. குழாய்களுக்கான போக்குவரத்துக் கட்டணத்தை, செலவையும் முதலீட்டின் மீது வரிக்குப் பிந்தைய 12 விழுக்காடு ஈட்டத்தையும் கணக்கிட்டு நீங்களே நிர்ணயிக்கிறீர்கள். பாதுகாப்பு விதிமீறலுக்காகக் கட்டிய தண்டமோ, அதற்காக நடத்திய வழக்கின் செலவோ, எந்தப் பெயரிலும் அந்தக் கணக்கில் சேராது என்பதை ஒவ்வொரு தண்ட உத்தரவிலும் வெளிப்படையாக எழுதுங்கள். தண்டத்தை உர ஆலையும் அடுப்பு வைத்திருக்கும் வீடும் மறைமுகமாகக் கட்ட நேர்ந்தால், தவறு செய்தவருக்கு அதில் என்ன வலி?

கச்சா எண்ணெய், இயற்கை எரிவாயு உற்பத்தி உங்கள் சட்டத்தின் வரம்புக்கு வெளியே இருப்பதை அறிவேன். எண்ணெய் வயல்களின் குழாய்களுக்கு வேறு அமைப்புகள் பொறுப்பு. ஆனால் வயலில் எண்ணெய் பரவும்போது, அது எந்தச் சட்டத்தின் கீழ் வரும் குழாய் என்று பார்த்து யாரும் ஓடுவதில்லை. தஞ்சை மாவட்டத்துக் கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30 அன்று எண்ணெய்க் குழாயில் கசிவு ஏற்பட்டபோது, கேள்வி கேட்டுத் திரண்ட மக்கள் மீது தடியடி நடந்தது. கைதானவர்கள் வாரக்கணக்கில் சிறையில் இருந்தார்கள். நாகூர் பட்டினச்சேரிக் கடற்கரையில் 2023 மார்ச்சில் கச்சா எண்ணெய்க் குழாய் கசிந்து மீனவர்கள் தெருவுக்கு வந்தார்கள். டெல்டாவில் குழாய் என்றால் முதலில் காவல்துறைதான் நினைவுக்கு வருகிறது என்ற நிலை உங்களுக்கும் நல்லதல்ல, நிறுவனங்களுக்கும் நல்லதல்ல. அதை மாற்றும் வழிகளுள் ஒன்று, விதியை மீறிய நிறுவனம் தண்டிக்கப்பட்டதை மக்கள் கண்ணால் காண்பது.

எனவே, பாதுகாப்பு தொடர்பாக நீங்கள் பிறப்பிக்கும் தண்ட உத்தரவுகள் ஒவ்வொன்றும், எந்த மாவட்டத்தில், எந்தக் குழாயின் எந்தப் பகுதியில், எந்த விதி மீறப்பட்டது, எந்தக் கெடுவுக்குள் சரிசெய்யப்பட்டது என்ற விவரங்களுடன், அந்த மாநிலத்தின் மொழியில், குழாய் செல்லும் ஊராட்சிகளின் அறிவிப்புப் பலகைகளில் ஒட்டப்பட வேண்டும். நிறுவனம் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனால் அதையும் சேர்த்தே எழுதுங்கள். தணிக்கை அறிக்கைகளின் முழு விவரத்தை வெளியிடுவதில் பாதுகாப்புக் காரணங்கள் இருக்கலாம்; ஆனால் குறை கண்டறியப்பட்டது, தீர்க்கப்பட்டது என்ற இரண்டு வரிகளை மறைக்க எந்தக் காரணமும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

உச்சவரம்பை உயர்த்துவது உங்கள் அதிகாரத்தில் இல்லை. அது நாடாளுமன்றத்தின் வேலை. ஆனால் 28-ஆவது பிரிவில் பாதுகாப்பு விதிமீறலைத் தனியாகப் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும் என்றும், தண்டத்தை விதிமீறலால் மிச்சப்படுத்திய செலவின் மடங்காகக் கணக்கிட வேண்டும் என்றும், வணிக முறைகேட்டுக்கு உள்ள வரம்பைவிட அது ஒரு ரூபாய்கூடக் குறையக் கூடாது என்றும், பணவீக்கத்தோடு அது தானே உயர வேண்டும் என்றும் பெட்ரோலிய அமைச்சகத்துக்கு எழுத்து வடிவில் பரிந்துரைக்க உங்களால் முடியும். அந்தப் பரிந்துரையை அனுப்பும் நாளில் அதன் நகலைப் பொதுமக்களுக்கும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, கையில் இருக்கும் ஒரு கோடியையும் நாளொன்றுக்கான பத்து லட்சத்தையும் தயங்காமல், குழாய் உடைவதற்கு முன்பே பயன்படுத்துங்கள்.

இப்படிக்கு,
குழாய் செல்லும் நிலத்தின் உழவர்களுள் ஒருவன்,
காவிரி டெல்டா, தமிழ்நாடு.